முற்றத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

நம் ஊர்ப் பக்கத்தில் 'பால்வாடி' என்ற சொல்லைக் கேட்காதவர் இருக்க முடியாது. சிறு வயதில் நான் அதை 'பால்' கொடுக்கும் இடம் என்றே நினைத்திருந்தேன். எங்கள் கிராமத்துப் பால்வாடியில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். பிழைப்புக்காக மராட்டிய மண்ணுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் 'பால்' என்றால் குழந்தை, 'வாடி' என்றால் தோட்டம் என்று தெரிந்தது. குழந்தைகள் தோட்டம்! எவ்வளவு அழகான பெயர்! அந்தத் தோட்டத்தை வளர்த்த ஒரு பெண்மணியைப் பற்றியும், அவர் வாழ்ந்த குன்றின் அடிவாரத்திலேயே நான்கு ஆண்டுகள் குடியிருந்தும் அவரைப் பார்க்காமல் வந்துவிட்ட என் அசட்டையைப் பற்றியும் நம் சங்க அன்பர்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் சிவில் டிப்ளமோ முடித்து 1980-இல் மேற்கு ரயில்வேயில் சேர்ந்தவன். 1984 முதல் 1988 வரை டஹாணு ரோடு பகுதியில் தண்டவாளப் பராமரிப்பு இன்ஸ்பெக்டராக இருந்தேன். ரயில்வே பாஷையில் பி.டபிள்யூ.ஐ. பம்பாயிலிருந்து சூரத் போகும் பாதையில் பால்கர், போயிசர், வாண்காவ் தாண்டினால் டஹாணு ரோடு. அதற்கு அடுத்த நிலையம் கோல்வட், அதற்கும் அடுத்தது போர்டி ரோடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் சப்போட்டாத் தோப்புகள். அப்போது அது தாணே மாவட்டம். 2014-க்குப் பிறகு பால்கர் மாவட்டம்.

தோப்புகளுக்கு அப்பால் இருக்கும் காடும் குன்றும் வார்லி என்னும் பழங்குடி மக்களின் இடம். இன்று வார்லி ஓவியம் என்றால் உலகமே அறியும். அரிசிமாவு வெள்ளையில் வட்டமும் முக்கோணமும் கோடுமாக வரைவார்களே, அவர்கள்தான். ஆனால் அந்த நாளில் என் கண்ணுக்கு அவர்கள் ஓவியர்களாகத் தெரியவில்லை. என் கீழ் வேலை பார்த்த கேங்மேன்களில் பலர் வார்லிகள். மழையிலும் வெயிலிலும் ஜல்லி அள்ளிப் போட்டு, தண்டவாளத்தைத் தூக்கி நிறுத்தும் உழைப்பாளிகள். சம்பள நாளில் பே கிளார்க் வந்து உட்கார்ந்தால் வரிசையாக வந்து கட்டைவிரல் ரேகை வைத்துப் பணம் வாங்கிப் போவார்கள். அதுதான் அவர்களைப் பற்றி நான் அறிந்தது.

சிலீப்பரில் எழுத்து

1985-ஆம் வருடம் ஒரு நாள். டிராலியில் லைன் பார்த்துக்கொண்டு போகிறேன். ஓரிடத்தில் வரிசையாக ஏழெட்டு கான்கிரீட் சிலீப்பர்களின் மேல் சாக்பீஸ் கோடுகள். கீமேன்கள் தண்டவாளத்தில் குறை கண்ட இடத்தில் சாக்பீஸால் குறி போடுவது வழக்கம். இத்தனை குறியா என்று பதறிப்போய் டிராலியை நிறுத்தி இறங்கினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஒரு சிலீப்பரில் 'அ', அடுத்ததில் 'ஆ' என்று மராத்தி எழுத்துக்கள், அதற்கப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். எண்களுக்குப் பக்கத்திலேயே அத்தனை ஜல்லிக் கற்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த கேங்கின் கீமேனைக் கூப்பிட்டேன். நாற்பதை எட்டாத வயது, ஒல்லியான வார்லி. "சர்க்கார் சாக்பீஸை இப்படியா வீணாக்குவது?" என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நாலு பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததாக மட்டும் சொன்னார். "வேலை நேரத்தில் இல்லை, சாஹேப்" என்றார். நான் அதற்கும் ஏதோ சொல்லிவிட்டு டிராலியில் ஏறிவிட்டேன்.

திரும்பி வரும்போது டிராலிமேன்தான் சொன்னார், அந்த கேங்கில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அந்தக் கீமேன் ஒருவர்தான் என்று. மனசு உறுத்தியது. சில நாட்கள் கழித்து, குவார்ட்டர்ஸ் பக்கம் ஏதோ வேலையாக வந்த அவரை நிறுத்தி, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று கேட்டேன்.

"குரண் சாளாவில், சாஹேப்" என்றார்.

குரண் என்றால் புல்வெளி. சாளா என்றால் பள்ளிக்கூடம். மேய்ச்சல் நிலப் பள்ளிக்கூடம்! நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். "நாங்கள் மாடு மேய்க்கிற பையன்கள். பள்ளிக்கூடம் போனால் மாட்டை யார் பார்ப்பது? அதனால் மாடு மேய்கிற இடத்துக்கே பாயி வந்துவிடுவார்கள். மாட்டை விட்டும் ஓட முடியாது, பாயியை விட்டும் ஓட முடியாது" என்றார். பாயி என்றால் டீச்சரம்மா. எந்த ஊர்ப் பாயி என்று கேட்டேன். கிழக்கே கையைக் காட்டி, "கோஸ்பாட் டேக்டி. அனுதாயி" என்றார். டேக்டி என்றால் குன்று.

மறுநாள் கடைத்தெருவில் என் சொந்தக் காசில் ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி டிராலிமேனிடம் கொடுத்தனுப்பினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

யார் இந்த அனுதாயி?

தமிழர்கள் இந்தப் பெயரைப் படித்தால் 'தாய்' என்று நினைப்போம். மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. அவர் முழுப் பெயர் அனுதாயி வாக். 1910 மார்ச் 17-ஆம் தேதி பிறந்தவர். பதின்மூன்று வயதில் கல்யாணம். சில மாதங்களிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அந்த வயதுப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு என்ன வாழ்க்கை காத்திருக்கும் என்பது நம் பாட்டிமார்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர் மூலையில் முடங்கவில்லை. படித்து ஆசிரியை ஆனார். நாசிக் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் சில ஆண்டுகள், பிறகு புணேயின் புகழ்பெற்ற பெண்கள் பள்ளியான ஹுஜூர்பாகாவில் பதின்மூன்று ஆண்டுகள் வேலை. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, தான் மட்டும் இரவுப் பள்ளிக்குப் போய் மெட்ரிக் தேறினார். பி.ஏ. பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

1945-இல் போரிவலியில் கஸ்தூரிபா அறக்கட்டளையின் சார்பில் கிராம சேவைப் பயிற்சி முகாம் நடந்தது. அங்கேதான் அனுதாயி, தாராபாய் மோடக் அம்மையாரைச் சந்தித்தார். தாராபாய் 1892-இல் பிறந்தவர். ராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பதவியை விட்டுவிட்டு, பாவ்நகரில் குழந்தைக் கல்விக்காக வாழ்ந்த கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து உழைத்தவர். இருவரும் சேர்ந்து 1926-இல் நூதன் பால் சிக்ஷண சங்கத்தைத் தொடங்கினார்கள். மாண்டிசோரி அம்மையார் நம் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியது 1939-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய முறையை இந்திய மண்ணுக்கு ஏற்ப நடத்திப் பார்த்தவர்கள் இவர்கள்.

நகரத்துக் குழந்தைகளுக்குச் செய்தாயிற்று, இனி கிராமத்துக்கு என்று தாராபாய் 1945-இல் போர்டிக்கு வந்தார். கூடவே வந்தவர் அனுதாயி. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அதே 1945-இல்தான் கோதாவரி பருளேகர் தலைமையில், நிலப்பிரபுக்களின் கட்டாய வேலைக்கு எதிராக வார்லி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஒருபுறம் கூலிக்கான போராட்டம், மறுபுறம் குழந்தைக்கான பள்ளி. இரண்டுக்கும் முன்நின்றவர்கள் வெளியூரிலிருந்து வந்த பெண்கள்.

போர்டியில் பள்ளியைத் திறந்து வைத்தார்கள். பிள்ளைகள் வரவில்லை. ஏழை வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வேலை இருக்கும்; தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஆட்டை ஓட்ட வேண்டும். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "இந்த ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று அறிக்கை எழுதிவிட்டு ஊர் திரும்பியிருப்போம். அவர்கள் பள்ளியைத் தூக்கிக்கொண்டு குடிசை வாசலுக்குப் போனார்கள். முற்றத்திலேயே வகுப்பு. மராத்தியில் முற்றத்துக்கு 'அங்கண்' என்று பெயர். முற்றத்தில் நடந்தது அங்கன்வாடி ஆயிற்று. மத்திய அரசு 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கி, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்று பெயர் வைத்தது, இவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து முப்பது ஆண்டுகள் ஆன பிறகு. இன்று கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை அந்தப் பெயர்தான்.

1950-களின் பிற்பகுதியில் பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கே அவர்கள் அமைத்தது விகாஸ்வாடி. கைக்குழந்தைக்குத் தொட்டில், அடுத்த வயதுக்குப் பால்வாடி, அதற்கு மேல் ஆரம்பப் பள்ளி, எல்லாம் ஒரே வளாகத்தில். இதன் சூட்சுமம் எளிது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் அக்கா பள்ளிக்கு வரவில்லை. தம்பியையும் கொண்டு வரச் சொல்லிவிட்டால் அக்கா வந்துவிடுவாள். அப்படியும் வர முடியாத மாட்டுக்காரப் பையன்களுக்குக் குரண் சாளா. பகலெல்லாம் வேலை செய்பவர்களுக்கு இரவுப் பள்ளி. ஒரு பொறியாளனின் பார்வையில் சொன்னால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் பாலத்துக்கு இடம் குறிப்பது போன்றது இது. பாலத்தை முதலில் கட்டிவிட்டுத் தண்ணீரைக் கூப்பிடுபவர்களே நம்மில் அதிகம்.

பாடக் கருவிகளும் அப்படியே. மாண்டிசோரி சாதனங்கள் விலை அதிகம். கோஸ்பாட்டில் விதைகள், கிளிஞ்சல்கள், கூழாங்கற்கள், இலைகள், பூக்கள், களிமண் இவைதான் சாதனங்கள். எண்ணுவதற்கு விதை, வரிசைப்படுத்துவதற்குக் கிளிஞ்சல். சிலீப்பர் பக்கத்தில் அடுக்கியிருந்த ஜல்லிக் கற்களின் அர்த்தம் எனக்குப் பிற்பாடு இப்படித்தான் விளங்கியது.

தாராபாய் 1973-இல் காலமானார். அதன் பிறகு பொறுப்பு முழுவதும் அனுதாயி தோளில். பால்வாடி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது, சிக்ஷண் பத்ரிகாவை நடத்துவது, குழந்தைகளுக்கு எழுதுவது என்று ஓயாத உழைப்பு. 1984-இல் பத்மஸ்ரீ, 1985-இல் ஜம்னாலால் பஜாஜ் விருது. கோஸ்பாட் குன்றிலிருந்து என்ற பொருள்பட மராத்தியில் தம் வரலாற்றையும் எழுதியிருக்கிறார்.

ஒரு துண்டுக் காகிதம்

என் கதைக்கு வருகிறேன். 1987 ஜனவரி. குளிர்காலத்தில் இரும்பு சுருங்கும். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தில் பலவீனமான இடம் இருந்தால் விண்டுவிடும். அதனால் இரவு நேரத்தில் இரண்டிரண்டு பேராக லைன் மீது ரோந்து போவார்கள். ஒரு நாள் விடியற்காலை, அவ்வாறு போன இருவர் ஓரிடத்தில் தண்டவாளம் விண்டு இடைவெளி விட்டிருப்பதைக் கண்டார்கள். விதிப்படி ஒருவர் சிவப்பு விளக்கோடு ஓடி, 600 மீட்டரில் ஒரு பட்டாசும் 1200 மீட்டரில் மூன்று பட்டாசும் தண்டவாளத்தில் கட்டி வண்டியை மறிக்க நின்றார். மற்றவர் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

இப்படி ஓடி வருபவர்கள் மூச்சிரைக்க வாயால் சொல்லும்போது இடம் தப்பிப்போவது உண்டு. "பெரிய புளியமரத்துக்குப் பக்கத்தில்" என்பார்கள். அப் லைனா டவுன் லைனா என்பதில் குழப்பம் வரும். தவறான லைனை நிறுத்திவிட்டு, உடைந்த லைனில் வண்டியை விட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. அன்று ஓடி வந்த இளைஞர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். பீடிக் கட்டின் உறை. அதன் உள்பக்கத்தில் 'அப்' என்று கோணல்மாணலாக மராத்தியில் ஒரு சொல்; கீழே மின்கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண் பார்த்து எழுதப்பட்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் உடனே அப் லைனை அடைத்தார். வரவிருந்த எக்ஸ்பிரஸ் முந்தைய ஸ்டேஷனிலேயே நின்றது. நான் ஆட்களோடு நேராக அந்தக் கம்பத்துக்கே போய் இறங்கினேன். ஒரு கம்பம் முன்னே பின்னே இல்லை.

எழுதியவர் அந்தக் கீமேன் அல்ல. இரண்டு வருடம் முன்பு வரை கட்டைவிரல் ரேகை வைத்துச் சம்பளம் வாங்கிய கேங்மேன். சிலீப்பரில் எழுத்துப் படித்தவர்களில் ஒருவர். நான் சத்தம் போட்டு நிறுத்தப் பார்த்தது இந்தப் படிப்பைத்தான்.

அன்று மத்தியானம் அந்தக் கீமேனிடம் போய், "அன்றைக்கு நான் பேசியது தப்பு" என்று சொன்னேன். அவர் மறந்துவிட்டதாகச் சொன்னார். மறந்திருக்க மாட்டார். நான் மாற்றலாகிப் போகும்போது அந்த கேங்கின் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினார்கள்.

போகாத குன்று

என் மகளுக்கு அப்போது நாலு வயது. "என்னங்க, அந்தக் குன்று மேல நல்ல பள்ளிக்கூடம் இருக்காமே, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமே" என்று என் மனைவி எத்தனையோ முறை கேட்டாள். இந்த வாரம் பிளாக் வேலை, அடுத்த வாரம் ஜெனரல் மானேஜர் இன்ஸ்பெக்‌ஷன், அப்புறம் மழை என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் 1986-இல் அவளே பக்கத்து வீட்டு மராத்தி அம்மாளோடு பஸ் பிடித்துப் போய் வந்தாள். அனுதாயி அன்று ஊரில் இல்லையாம். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து விதைகளைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்ததை அன்று இரவெல்லாம் சொன்னாள். மறுநாள் நம் வீட்டுச் சமையலறையிலும் கொண்டைக்கடலை, மொச்சை, துவரை எல்லாம் கலந்து மகள் முன்னால் கொட்டப்பட்டது. அவள் எண் கற்றது அதில்தான்.

1988-இல் எனக்கு மாற்றல் வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். 1992 செப்டம்பரில் அனுதாயி மறைந்தார். செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது நான் வேறொரு டிவிஷனில் இருந்தேன். ஒரு குன்று ஏறாமல் விட்டது அன்றுதான் கனத்தது.

2017-இல் ஓய்வு பெற்றேன். மறு வருடம் மனைவியோடு விரார் போய், டஹாணு லோக்கல் பிடித்தேன். நான் இருந்தபோது இந்த லோக்கல் கிடையாது, 2013-இல் வந்தது. குன்றின் மேல் ஏறி நின்று பார்த்தேன். கீழே தோப்புகள், தோப்புகளுக்கு அப்பால் நான் நான்கு வருடம் டிராலியில் போய்வந்த லைன். இவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறதே என்று என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தக் கீமேனைத் தேடிப் போனோம். அவர் நான்கு வருடம் முன்பே காலமாகிவிட்டார். மகன் ரயில்வேயில்தான் இருக்கிறார். என் பெயரைச் சொன்னதும், "சாக்பீஸ் பெட்டி அனுப்பிய சாஹேபா?" என்று கேட்டார். அப்பா வீட்டில் சொல்லியிருக்கிறார். நான் திட்டியதையும் சொல்லியிருப்பாரே என்று தயங்கினேன். அதைப் பற்றி மகனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இதையெல்லாம் நம் இதழில் எழுதக் காரணம் இருக்கிறது. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நானும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு காலத்தில் முப்பது பிள்ளைகள் வந்த வகுப்புக்கு ஆறு பேர் வந்தார்கள். கமிட்டிக் கூட்டத்தில் "இந்தக் காலத்துப் பெற்றோருக்குத் தமிழில் அக்கறை இல்லை" என்று பேசிக்கொண்டோம். நானும் பேசினேன். கோஸ்பாட்டிலிருந்து திரும்பிய பிறகு அப்படிப் பேச வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறிக் குழந்தையைக் கூட்டி வர எந்தத் தாயால் முடியும்? வாரத்தில் அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு அந்த ஒரு காலைதானே?

ஆகவே, தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும் எங்கள் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில், செக்ரட்டரியிடம் அனுமதி வாங்கி, கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஒரு பாய் விரித்தேன். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம். புளியங்கொட்டையும் சாக்பீஸும்தான் சாதனம். முதல் வாரம் நான்கு பேர். இப்போது பதினான்கு பேர் வருகிறார்கள்; அதில் இருவர் மராத்திப் பிள்ளைகள். கையில் கைக்குழந்தையோடு வரும் ஒரு சிறுமிக்குத் தம்பியை என் மனைவி வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

ஓய்வு பெற்ற அன்பர்கள் நம் சங்கத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறோம். ஆளுக்கொரு குடியிருப்பு, ஆளுக்கொரு பாய், வாரத்தில் ஒரு மணி நேரம். ஹால் வாடகை இல்லை, சந்தா இல்லை. விருப்பம் உள்ளவர்கள் என்னிடம் சொல்லுங்கள். முதல் பெட்டி சாக்பீஸ் என் செலவு.